நீலகிரியில் செப்டிக் டேங்க்கும் மலக்கசடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி வட்டாரத்தில் வீடுகளும் விடுதிகளும் பெருகிக்கொண்டே போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை செப்டிக் டேங்க்கையோ குழியையோ நம்பித்தான் இருக்கின்றன. வீட்டுக்காரர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், பேரூராட்சி உறுப்பினர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சமவெளி ஊர்களுக்காக எழுதப்பட்ட பதில்கள் மலைக்கு அப்படியே பொருந்துவதில்லை. எங்கெல்லாம் வேறுபடுகிறதோ அங்கெல்லாம் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மலக்கசடு என்பதும் சாக்கடைத் தண்ணீரும் ஒன்றுதானே?

இல்லை. சாக்கடைத் தண்ணீர் குழாயில் ஓடிக்கொண்டே இருப்பது; குளிக்கும் நீர், பாத்திரம் கழுவும் நீர் எல்லாம் கலந்து நீர்த்துப்போனது. மலக்கசடு மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், தொட்டிக்குள்ளேயே கிடந்தது. மேலே எண்ணெயும் நுரையும் கலந்த ஏடு, நடுவில் ஓரளவு தெளிந்த நீர், அடியில் கறுப்பான சேறு என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். லாரி உறிஞ்சும்போது மூன்றும் சேர்ந்து வரும். சாக்கடை நீரின் சி.ஓ.டி. அளவு, அதாவது அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்ற கணக்கு, பெரும்பாலும் லிட்டருக்கு சில நூறு மில்லிகிராம்தான். மலக்கசடில் அது 10,000-ஐத் தாண்டும், 50,000 வரைகூடப் போகும்.

ஊட்டியில் பாதாளச் சாக்கடை இருக்கிறதே, அதையே எல்லா ஊருக்கும் போட்டால் என்ன?

ஊட்டி நகரின் ஒரு பகுதிக்குப் பாதாளச் சாக்கடையும் காந்தலில் சுத்திகரிப்பு நிலையமும் இருக்கின்றன. நகரம் முழுக்க அதில் சேரவில்லை. மலையில் ஒவ்வொரு பள்ளத்தாக்கும் தனி வடிகால். இந்தப் பள்ளத்தில் சேரும் கழிவை அடுத்த பள்ளத்துக்குக் கொண்டுபோக மேடேற்றி பம்ப் செய்ய வேண்டும், அல்லது பள்ளத்துக்கு ஒரு நிலையம் கட்ட வேண்டும். முகட்டில் ஐம்பது அறுபது வீடுகளோடு இருக்கும் ஒரு ஹட்டிக்கும் (படுகர் ஊர்), தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளுக்கும் குழாய் இழுப்பது அவ்வளவு லேசில்லை. இன்னொன்று, சாக்கடைக் குழாய் அடைக்காமல் ஓடத் தண்ணீர் தாராளமாக வேண்டும். கோடையில் குடத்தை வரிசையில் வைக்கும் தெருக்களில் அதற்கு எங்கே போவது? நகரின் மையத்துக்குக் குழாய், மற்ற இடங்களுக்கு நல்ல தொட்டி, லாரி, அருகிலேயே சுத்திகரிப்பு நிலையம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மலைக்கு நடக்கிற காரியம்.

எங்கள் வீட்டில் இருபது வருடமாக டேங்க் எடுத்ததே இல்லை. நிரம்பவும் இல்லை. நல்ல டேங்க்தானே?

பெருமையாகச் சொல்லப்படும் இந்தச் செய்தியைக் கேட்டால் எனக்குக் கவலைதான் வருகிறது. நிரம்பாத டேங்க் என்றால் பெரும்பாலும் அது ஒழுகுகிறது. அடியில் கான்கிரீட் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது வெளியேறும் குழாயை நேராக ஓடையில் விட்டிருப்பார்கள். சமவெளியில் ஒழுகினால் சொந்தக் கிணறு கெடும். மலையில் மேல் வீட்டில் ஒழுகுவது கீழ் வீட்டுப் பின்சுவரில் ஈரமாக வரும், இல்லையென்றால் அதற்கும் கீழே ஊரே குடிக்கும் ஊற்றில் கலக்கும்.

சோதிப்பது எளிது. தொட்டியின் ஆழத்தைவிட நீளமான ஒரு கம்பை எடுத்து, கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். சோதனைத் துவாரம் வழியாக அடி தட்டும்வரை மெதுவாக இறக்கி, ஓரிரு நிமிடம் அப்படியே பிடித்து, லேசாகத் திருகி, மெல்ல வெளியே எடுங்கள். துண்டில் கறுப்புச் சேறு அப்பியிருக்கும் உயரம்தான் கசடின் உயரம். தொட்டி நீர் ஆழத்தில் அது மூன்றில் ஒரு பங்கை எட்டிவிட்டால் லாரிக்குச் சொல்ல வேண்டிய நேரம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். துவாரத்தின் மேல் குனிந்து பார்க்காதீர்கள், பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது.

அளக்க முடியாதவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எடுத்துவிடுவது நல்லது. இங்கே மூன்று வருடம் என்பதே கொஞ்சம் நீளம் என்பேன். தொட்டிக்குள் கசடைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் சுறுசுறுப்பாக இருக்கும். 10 டிகிரிக்குக் கீழே போனால் அநேகமாக வேலையை நிறுத்திவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் புல்வெளியெல்லாம் உறைபனி. மண்ணுக்குள் இருக்கும் தொட்டி அவ்வளவு குளிராது என்றாலும், மேட்டுப்பாளையத்துத் தொட்டியின் சூடு அதற்கு ஒருநாளும் கிடைக்காது. அதே அளவுத் தொட்டி, அதே குடும்பம், ஆனால் மலையில் கசடு சீக்கிரம் சேரும்.

பாக்டீரியா பவுடர் போட்டால் லாரியே வேண்டாம் என்கிறார்களே?

பவுடர்தான் வேண்டாம், லாரி வேண்டும். தேவையான நுண்ணுயிர்கள் மலத்திலேயே கோடிக்கணக்கில் இருக்கின்றன. மணலும் செரிக்காத நாரும் எந்தப் பவுடருக்கும் கரையாது. அந்தக் காசை லாரிக்கு எடுத்து வையுங்கள்.

டேங்க்கிலிருந்து வரும் தண்ணீருக்கு உறிஞ்சுகுழி வெட்டினால் போதுமா?

மண் நன்றாக உறிஞ்சும் சமதளத்தில் போதும். சரிவில் வீடு கட்டியிருப்பவர்கள் யோசிக்க வேண்டும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மண்ணுக்குள் நீர் ஏற ஏறத்தான் சரிவு பிடி தளரும். மண்ணை வெட்டிச் சமன்செய்த மனையின் விளிம்பில் குழி தோண்டி, வருடம் முழுக்க அதற்குள் நீரை விட்டுக்கொண்டிருப்பது அந்தத் தளர்ச்சிக்கு நாமே உதவி செய்வதுதான்.

குடிநீர் ஆதாரத்திலிருந்து உறிஞ்சுகுழி 18 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. மலையில் பாறை வெடிப்பு வழியாக நீர் எங்கோ போய் வெளிவரும் என்பதால் அந்தத் தூரத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஊற்றுக்கு மேல்பக்கம் குழியே கூடாது. வரிசையாக உள்ள நாலைந்து வீடுகள் சேர்ந்து, உறுதியான இடத்தில், அடியில் நீர் கசியாத கல்வாழைச் சரளைப் படுகை ஒன்றை, அதாவது சரளைக்கல் நிரப்பிக் கல்வாழை நட்டு நீரைச் சுத்தமாக்கும் பாத்தி ஒன்றை, அமைத்துக்கொள்வது நல்ல வழி.

லாரி எடுத்துக்கொண்டு எங்கே போகிறது?

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. சரியான லாரி உள்ளாட்சி உரிமம் வைத்திருக்கும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் இறக்கும். தவறான லாரிக்கு மலைப்பாதையின் மதகும் காட்டோரமும் ஓடையும் போதும்.

குன்னூர் ஆறு மலையிறங்கி மேட்டுப்பாளையம் பக்கம் பவானியில் கலக்கிறது. வடக்குப் பக்கச் சரிவுகளின் நீர் மாயாற்றில் சேர்ந்து பவானிசாகருக்குப் போகிறது. ஊட்டி ஏரி கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரின் கழிவைப் பல ஆண்டுகளாக வாங்கிக்கொண்டிருக்கிறது. நாம் மதகில் கொட்டுவதைக் கீழே யாரோ வடிகட்டிக் குடிக்கிறார்கள்.

ஓட்டுநரை மட்டும் திட்டிப் பயனில்லை. இறக்கும் இடம் பல கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் இருந்தால், டீசல் செலவில் அவருடைய அன்றைய கூலியே போய்விடும். நிலையம் அருகில் இருக்க வேண்டும், மாலை வரை திறந்திருக்க வேண்டும், இறக்குவதற்கு அதிகக் கட்டணம் கேட்கக் கூடாது. இவ்வளவும் செய்தபிறகும் ஓடையில் கொட்டினால் தயங்காமல் புகார் கொடுங்கள். லாரி வேண்டுமென்றாலும் புகார் என்றாலும் 14420 என்ற எண் இருக்கிறது.

சுத்திகரிப்பு நிலையம் கட்டுவதற்கு முன் கசடை ஆய்வு செய்ய வேண்டுமா? எல்லா ஊரிலும் மலம் ஒன்றுதானே?

மலம் ஒன்றாக இருக்கலாம், கசடு ஒன்றில்லை. ஐந்து வருடம் கிடந்த வீட்டுத் தொட்டிக் கசடு கறுப்பாக, ஓரளவு செரித்துப்போய் இருக்கும். கொஞ்ச நேரம் வைத்தாலே நீர் தனியாகப் பிரியும். பேருந்து நிலையக் கழிப்பறையில் வாரக்கணக்கில் எடுப்பது மஞ்சள் கலந்த பழுப்பு நிறம், கடும் நாற்றம், எவ்வளவு நேரம் வைத்தாலும் நீர் பிரியாது. ஹோட்டல் தொட்டியில் கொழுப்பு. லைன் வீட்டுக் குழியில் மண்ணும் கல்லும் கலந்த கெட்டிச் சேறு. சீசனில் விடுதித் தொட்டியிலிருந்து வருவது பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்.

புதுக் கசடை உலர்படுகையில், அதாவது கசடைக் காயவைக்கும் மணல் படுகையில், ஊற்றினால் மணல் அடைத்துக்கொள்ளும். நீர்த்த கசடுக்கென்று கட்டிய நிலையத்தில் கெட்டிக் கசடு வந்தால் ஒரே வருடத்தில் திணறும். புத்தகத்தில் உள்ள சராசரி எண்ணை எடுத்துப்போட்டு வரைபடம் போடுவதுதான் எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் அதிகம் நடக்கிற தவறு. அந்த எண்கள் பெரும்பாலும் வெப்பமான ஊர்களுடையவை. இங்கே மே மாதச் சீசனில் ஒருமுறை, மழைக்காலத்தில் ஒருமுறையாவது, ஒவ்வொரு வகைத் தொட்டியிலிருந்தும் மாதிரி எடுத்துப் பார்க்காமல் கான்கிரீட் கலக்கக் கூடாது.

மாதிரியை எப்படி எடுப்பது?

லாரி வால்வைத் திறந்ததும் முதலில் கெட்டியாகக் கொட்டும். நடுவில் தண்ணீராக ஓடும். கடைசியில் லாரித் தொட்டியின் அடியில் படிந்தது சேறாக வந்து விழும். ஒரே ஒரு பாட்டிலை நடுவில் நீட்டிப் பிடித்தால் அந்த லாரியில் வந்ததைப் பற்றிப் பொய்தான் தெரியவரும். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, முடிவில் ஒன்று என்று நான்கு முறை சம அளவு பிடித்து, ஒரே வாளியில் ஊற்றி நன்றாகக் கலக்கி, அதிலிருந்து ஒரு லிட்டர் எடுக்க வேண்டும். பாட்டிலைக் கழுத்துவரை நிரப்பாதீர்கள், உள்ளே வாயு உருவாகி மூடி தெறிக்கும். ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து அன்றே ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

பாட்டிலோடு ஒரு காகிதமும் போக வேண்டும். வீடா விடுதியா, எத்தனை பேர், கடைசியாக எப்போது எடுத்தது, குளியலறை நீரும் சமையலறை நீரும் உள்ளே போகிறதா, அடியில் கான்கிரீட் உண்டா. இவ்வளவையும் வீட்டுக்காரரிடமும் ஓட்டுநரிடமும் கேட்டு எழுதுங்கள். இந்தக் காகிதம் இல்லாத எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

ஆய்வகத்தில் என்ன பார்க்கிறார்கள்?

முதலில் மொத்தத் திடப்பொருள். பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி 105 டிகிரி அடுப்பில் நீர் முழுக்க வற்றும்வரை வைத்து மிச்சத்தை எடைபோடுவார்கள். அதையே 550 டிகிரியில் எரித்தால் கரிமப் பொருள் எரிந்து போய்ச் சாம்பல் நிற்கும். எரிந்துபோன பங்கு மிக அதிகமாக இருந்தால் கசடு இன்னும் செரிக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் சி.ஓ.டி., பி.ஓ.டி. (நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்), அம்மோனியா, பாஸ்பரஸ், கார அமிலத்தன்மை, ஈ.கோலி என்ற மலக் கிருமி, குடற்புழு முட்டைகள்.

நான் அதிகம் நம்புவது ஒரு சாதாரணக் கண்ணாடிக் கூம்பை. இம்ஹாஃப் கூம்பு என்று பெயர், ஒரு லிட்டர் பிடிக்கும், அடியில் கோடுகள் இருக்கும். கலக்கிய கசடை ஊற்றி நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். நல்ல கசடு என்றால் அரைமணி நேரத்தில் மேலே தேநீர் நிறத்தில் நீரும் கீழே கறுப்பும் தெளிவாகப் பிரியும். ஒரு மணி நேரம் கழித்தும் மேலிருந்து கீழ்வரை ஒரே கலங்கலாக நின்றால், அந்தக் கசடுக்கு வெறும் படிவுத் தொட்டி கட்டுவது வீண் செலவு. மின்சாரமே வேண்டாத இந்தச் சோதனையை நிலையத்து வாசலில் லாரி வரும்போதெல்லாம் செய்யலாம்.

இந்த எண்கள் கிடைத்தபின் என்ன செய்வது?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். தினம் 10,000 லிட்டர் கசடு வருகிறது, அதில் திடப்பொருள் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 கிலோ. வருடம் 300 நாள் என்றால் 60,000 கிலோ. வெயில் காயும் ஊரில் உலர்படுகை சதுர மீட்டருக்கு வருடம் 200 கிலோ தாங்கும் என்று எடுத்தால் 300 சதுர மீட்டர் போதும். பனிமூட்டமும் இரண்டு பருவமழையும் உள்ள இடத்தில் 100 கிலோதான் தாங்கும் என்றால் 600 சதுர மீட்டர் வேண்டும். ஆய்வில் திடப்பொருள் 2 இல்லை, 4 சதவீதம் என்று வந்தால் 1,200. நீலகிரியில் சமதளமாக 1,200 சதுர மீட்டர் எங்கே இருக்கிறது? இருந்தாலும் அதில் காரட் விளைந்துகொண்டிருக்கும்! ஆய்வுக்குச் செலவாகும் தொகை, தவறான இடத்தில் தவறான அளவில் கட்டி மூடிவைக்கும் நிலையத்தின் விலையில் ஒரு துளிதான்.

அப்படியானால் மலைக்கு எந்த முறை பொருந்தும்?

தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் செங்கல்பட்டு பக்கம் கருங்குழியில், உலர்படுகையோடு வந்தது. வெயிலுள்ள சமவெளி ஊருக்கு உலர்படுகை அருமையான யோசனை. இங்கே அதை அப்படியே பிரதி எடுத்தால் ஜூன் முதல் டிசம்பர் வரை படுகை காயாது.

முதலில் கம்பிச் சல்லடை, அதன்பின் படிவுத் தொட்டியில் கெட்டிப்படுத்துவது, கெட்டியான பகுதியை மட்டும் ஒளி புகும் கூரை போட்ட படுகையில் உலர்த்துவது, பிறகு காய்கறிக் கழிவோடு சேர்த்து மக்கவைப்பது. என் விருப்பம் இந்த வரிசைதான். மாவட்டத்திலேயே கேத்தி, அதிகரட்டி பேரூராட்சிகள் கசடையும் மக்கும் குப்பையையும் சேர்த்து உரமாக்கும் வழியில் போயிருக்கின்றன. மார்க்கெட்டில் குவியும் முட்டைக்கோஸ் இலைக்கும் கேரட் தழைக்கும் அதில் ஒரு வழி பிறக்கிறது.

ஆனால் கசடிலும் பச்சைத் தழையிலும் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். காய்ந்த கார்பன் வேண்டும். மரத்தூள், சருகு, கவாத்து செய்த தேயிலைக் குச்சியைச் சிறிதாக வெட்டியது, எது கிடைத்தாலும் சேர்க்கலாம். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு, ஈரம் 50 முதல் 60 சதவீதம் இருந்தால் குவியல் சூடேறும். குளிரில் சிறிய குவியல் சூட்டைத் தாங்காது, ஒரு மீட்டருக்கு மேல் உயரம் வைத்து, மேலே மூடிவைக்க வேண்டும். நீண்ட கம்பி வெப்பமானியைக் குவியலின் நடுவில் செருகித் தினமும் எழுதி வையுங்கள். 55 டிகிரிக்கு மேல் பல நாட்கள் நின்றால்தான் கிருமிகள் சாகும். மேல்பாகம் சூடேறுவதில்லை என்பதால் புரட்டிப்போட்டு, மேலே இருந்தது உள்ளே போகும்படி செய்ய வேண்டும்.

அந்த உரத்தைக் கேரட்டுக்குப் போடலாமா?

குடற்புழு முட்டை பொல்லாதது. குளிர்ந்த ஈரமண்ணில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கிலும் உயிரோடு இருக்கும். கேரட் மண்ணுக்குள் விளைவது, பச்சையாகக் கடித்துத் தின்பது. உலர்எடை ஒரு கிராமில் ஒரு முட்டைக்கும் குறைவு, ஈ.கோலி ஆயிரத்துக்கும் குறைவு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவைத் தொடர்ந்து எட்டிக் காட்டும் வரை, தேயிலைக்கும் பூச்செடிக்கும் மர நாற்றுக்கும் மட்டும் போடுங்கள். மக்காத கசடைத் தோட்டத்தில் ஊற்றுவது கூடவே கூடாது. வேலை செய்பவர்களின் கையையும் காலையும் நினைத்தாவது அதை விட்டுவிடுங்கள்.

லாரியை நேராகச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்திலேயே இறக்கிவிடலாமா?

அளந்து, மெதுவாக விட்டால் செய்யலாம். சி.ஓ.டி. 25,000 உள்ள 5,000 லிட்டர் லாரி ஒன்று 125 கிலோ சுமை. 500 அளவுள்ள சாக்கடை நீரில் அதே சுமைக்கு 2,50,000 லிட்டர் வேண்டும். மூன்று லாரி ஒரே நேரத்தில் கொட்டினால் சிறிய நிலையத்தின் நுண்ணுயிர்கள் அம்மோனியாவிலேயே திணறிவிடும். தனித்தொட்டியில் இறக்கி, கசடைப் பிரித்து, தெளிந்த நீரை மட்டும் இரவில் சிறிது சிறிதாக விட வேண்டும்.

அடைப்பெடுக்க ஆள் இறங்கினால்?

இறக்கக் கூடாது. எந்தக் காரணத்துக்கும், ஒரு நிமிடத்துக்கும். கையால் மலம் அள்ளுவதையும் ஆபத்தான முறையில் தொட்டி சுத்தம் செய்யவைப்பதையும் 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. தொட்டியிலும் சாக்கடையிலும் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 'வாடை போயிடுச்சு, இறங்கலாம்' என்று நினைக்கும் அந்த நேரம்தான் உயிரை எடுக்கும். காப்பாற்ற இறங்குபவரும் அங்கேயே விழுந்துவிடுவார். மேலிருந்து குழாய் விட்டு உறிஞ்ச முடியாத தொட்டி என்றால் அந்தத் தொட்டியை மாற்றிக் கட்டுங்கள்.

ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

2024 மே முதல் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தபிறகும் சீசன் கூட்டம் கூட்டம்தான். நாலு பேருக்குக் கட்டிய தொட்டியில் வார இறுதியில் இருபது பேர் என்றால், கசடு படிய நேரமில்லாமல் அப்படியே வெளியே தள்ளிக்கொண்டு போகும். சீசனுக்கு முன் ஏப்ரலிலேயே ஒருமுறை எடுத்துவிடுங்கள். சமையலறைக்குக் கொழுப்புத் தடுப்புத் தொட்டி வையுங்கள். பிளீச்சிங்கும் பினாயிலும் வாளி வாளியாக ஊற்ற வேண்டாம். நாப்கினுக்கும் ஈரத்துடைப்புத் தாளுக்கும் கழிப்பறையில் மூடியுள்ள கூடை வையுங்கள், லாரியின் குழாயை அடைப்பதில் அவைதான் முதல்.

எங்கள் பேரூராட்சியில் நிலையம் வரப்போகிறது என்கிறார்கள். மக்களாக நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

எத்தனை லாரியில் மாதிரி எடுத்தீர்கள், எந்தெந்த மாதத்தில் என்று கேளுங்கள். அறிக்கையை வார்டு கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். இடத்துக்கு மேலும் கீழும் ஊற்று எங்கே இருக்கிறது என்று ஊர்ப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், வரைபடத்தில் அது இருக்காது. மழைக்காலத்தில் உலர்த்தும் வழி என்ன, பிரியும் நீர் எங்கே போகிறது, அதை மாதம் ஒருமுறை யார் சோதிப்பார்கள், கட்டிய ஒப்பந்தக்காரர் போனபின் சம்பளம் வாங்கி நடத்தப்போகிறவர் யார், அவருக்கு கையுறையும் பூட்ஸும் தடுப்பூசியும் சுடுதண்ணீர்க் குளியலறையும் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு மதிப்பீட்டில் தொகை ஒதுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.